வியாசர்பாடி குட்டிக்கு பிடிஏ ஆபரேஷன்: ரத்தம் தர நாய் வேணும்

4 மாத பொமரேனியன், 2.1 கிலோ. இடது அக்குளில் விரல் வைத்தாலே மிஷின் ஓடுற மாதிரி இடைவிடாத அதிர்வு. எக்கோவில் (இதய ஸ்கேன்) பிடிஏ உறுதி, அதாவது பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில், பிறந்ததும் மூடிக்க வேண்டிய குழாய் மூடாம இருக்கு. ரத்தம் இடமிருந்து வலமாகத்தான், அதாவது பெருந்தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குத்தான் போகுது. (திசை திரும்பியிருந்தால் குழாயைக் கட்டவே கூடாது.) இடது 4-வது விலா இடுக்கில் திறந்து, குழாயைப் பெருந்தமனிப் பக்கம் முதலில் கட்டி, மெதுவா இறுக்கணும், அவசரப்பட்டா துடிப்பு சட்டுனு குறையும். அதைவிட பயம், குழாயின் பின்பக்கத்தைப் பிரிக்கும்போது கிழிவதுதான். உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 180 மில்லிதான்!

கொடை நாய் 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 8 வயசு, தடுப்பூசி முடிஞ்சது, உண்ணிக் காய்ச்சல் வராதது, முன்னாடி ரத்தம் ஏத்தாதது. டிஇஏ 1 (நாய்களின் ஒரு ரத்த வகை) நெகட்டிவ்னா நல்லது. கிராஸ் மேட்ச் (ரெண்டு ரத்தமும் ஒத்துப்போகுதான்னு சோதனை) எப்படியும் பார்ப்போம். பெரம்பூர், ராயபுரம், கொளத்தூர் பக்கம் லேப்ரடார், ராஜபாளையம் வச்சிருக்கவங்க வேப்பேரி வரை கூட்டிட்டு வர முடியுமா, சொல்லுங்க.