சோர்போன் பெயருக்காகப் பாரிஸ் போகலாமா? (பிரான்ஸில் எம்.ஏ. வரலாறு)

முத்தியால்பேட்டையான்:
புதுச்சேரியில் பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் தம்பி ஒருவருக்காகக் கேட்கிறேன். இந்திய பாஸ்போர்ட். பிரெஞ்சு மொழித் தேர்ச்சியில் பி2 நிலைச் சான்றிதழ் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி பற்றி மாஸ்டர் ஆய்வேடு எழுத ஆசை. சோர்போன் என்றால்தான் மதிப்பு என்கிறார்கள் வீட்டில். அது சரியா?

கெடிலக்கரை:
எந்தச் சோர்போன் என்று வீட்டில் கேளுங்கள். ரொபேர் தெ சோர்போன் 1257-இல் தொடங்கிய கல்லூரியின் பெயர் அது. 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு பழைய பாரிஸ் பல்கலைக்கழகத்தை 13 ஆகப் பிரித்துவிட்டார்கள். பாந்தியோன்-சோர்போன் தனி, சோர்போன் நூவெல் தனி. அந்த 13-இல் பாரிஸ் 4-உம் பாரிஸ் 6-உம் 2018-இல் சேர்ந்து உருவானது சோர்போன் யுனிவெர்சிதே. சோர்போன் பாரிஸ் நோர் என்று இன்னொன்று, அதன் முதன்மை வளாகம் இருப்பது வில்தனேஸ் புறநகரில். பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பித்தால், வரலாற்றுத் துறையே முதன்மையாக இல்லாத இடத்தில் போய் நிற்க நேரும்.

அடுத்தது பணம். மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்டினால் போதும். ஆனால் பாரிஸில் சின்ன ஸ்டூடியோ வாடகையே அதை விழுங்கிவிடும். 9 சதுர மீட்டர்தான் வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு. அந்த அளவு அறைக்கே போட்டி நடக்கிறது. க்ரூஸ் அரசு விடுதி முதலில் போவது உதவித்தொகை மாணவர்களுக்கு. மிஞ்சியதுதான் நமக்கு.

வைசியாள் வீதி:
கெடிலக்கரை, பெயரை ஓரம் வையுங்கள். ஏடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அதிகாரியாக இருந்த எதுவார் அரியேல் திரட்டிய தமிழ்ச் சுவடிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில், ரிஷ்லியூ வளாகத்தில் இருக்கின்றன. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் படியும் அங்கேதான். இனால்கோ என்ற கீழைமொழிக் கல்வி நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள். 1868-இல் தொடங்கிய எகோல் ப்ராதிக் என்ற உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தின் கருத்தரங்குகளில் வேறு நிறுவன மாணவர்களும் உட்கார்ந்து கேட்கலாம். ஓர் ஊரில் இருந்துகொண்டு நான்கு நிறுவனங்களைப் பயன்படுத்தும் வசதி பிரான்ஸில் வேறெங்கும் கிடையாது. வாடகைக் கணக்கு மட்டும் போட்டு இதைத் தள்ளிவிடக் கூடாது.

கெடிலக்கரை:
இலக்கியமோ சுவடியியலோ என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். தம்பி கேட்டது 18-ஆம் நூற்றாண்டு நிர்வாக வரலாறு. அதற்கான மூலம் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில், கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பாரிஸுக்குப் போன கடிதங்கள் அங்கே சி2 வரிசையில் உள்ளன. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் சார்ந்த தாள்கள் பலவும் லோரியான் துறைமுகத்தில். பாரிஸில் குடியிருந்தால் ஒவ்வொரு தடவையும் ரயில் டிக்கெட், விடுதி வாடகை. எக்ஸ் பல்கலைக்கழகமும் 1409-இல் தொடங்கியதுதான், பழமை வேண்டும் என்பவருக்கு அதுவே போதும். 2012 முதல் அது எக்ஸ்-மார்செய் என்ற ஒரே பல்கலைக்கழகம்.

வைசியாள் வீதி:
ஆவணம் எக்ஸில் இருக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் ஆண்டு மாணவர் நேரே ஆவணக் கட்டைத் திறந்தால் ஒரு வரி படிக்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கப் பயிற்சி வேண்டும், அதற்கான வகுப்புகள் பாரிஸில் அதிகம். பி2 பற்றியும் ஒன்று சொல்லணும். விண்ணப்பத்துக்கு அது போதலாம், வகுப்புக்குப் போதாது. சிக்கல் என்ன என்று ஒரே கேள்வியாக வகுத்து, இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து எழுதும் பிரெஞ்சுக் கட்டுரை முறை நம் தேர்வுப் பழக்கத்துக்கு அந்நியம். தகவல் அத்தனையும் சரியாக இருந்தும் 20-க்கு 8 வாங்குவது இதனால்தான். 10 எடுத்தால் தேர்ச்சி, 14 நல்ல மதிப்பெண். ஊரில் 80 சதவீதம் பார்த்தவர்கள் 12-ஐக் கண்டு மனமுடைய வேண்டாம்.

ஆவணம் பார்ப்பவன்:
ஊர் எதுவானாலும் பொதுவானவை சில. ஐரோப்பியர் அல்லாதவருக்கான தனிக் கட்டணம் 2019-இல் மாஸ்டருக்கு ஆண்டுக்கு 3,770 யூரோவாக வந்தது, இப்போது 3,900-ஐத் தாண்டிவிட்டது. பிரெஞ்சு நாட்டுரிமை உள்ள குடும்பப் பிள்ளைகளுக்கு இது கிடையாது, அவர்கள் கட்டுவது 250 யூரோ அளவில்தான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கட்டணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் பகுதி விலக்கு தருகின்றன, ஆனால் அது நிர்வாகக் குழு தீர்மானிப்பது. அந்த ஆண்டுத் தீர்மானத்தைப் படியுங்கள். முனைவர் பட்டத்துக்கு இந்தத் தனிக் கட்டணம் இல்லை.

பெயர்தான் பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, பிறப்புச் சான்றில் தம் பெயர் மட்டும். அங்கே சமூகப் பாதுகாப்பு எண் பிறப்புச் சான்றை வைத்துத்தான் தருவார்கள், ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு மாதக்கணக்கில் கிடக்கும். கிளம்பும் முன்பே திருத்துங்கள். பெற்றோர் பெயருள்ள பிறப்புச் சான்றுக்கு முதலில் அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்கான அரசுச் சான்று முத்திரை) வாங்கி, அதன்பின் மொழிபெயர்க்கக் கொடுங்கள். வரிசை மாறினால் அப்போஸ்டில் முத்திரை மொழிபெயர்ப்பில் வராது, மறுபடி செலவு. போய் இறங்கி 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவுசெய்து உறுதிப்படுத்தணும். வீட்டு வாடகைக்குப் பிரெஞ்சு அரசு தரும் உதவித்தொகையை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள், அதன் விதி அரசு பட்ஜெட்டோடு மாறும்.

பண்ருட்டி வாசகி:
இடையில் ஒரு கேள்வி. மோன்பெலியே மருத்துவக் கல்லூரி 1220-இலிருந்து நடக்கிறதாமே? ப்ளஸ் டூ முடித்தவர் அங்கே மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்து டாக்டராக முடியுமா?

ஆவணம் பார்ப்பவன்:
முடியாதுங்க. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில், குறைந்தது 54 மாதம், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியோடு இருக்கணும். மோன்பெலியேவில் பயிற்று மொழி பிரெஞ்சு, அதிலேயே அடிபட்டுப் போகும். அதே ஊரில் தாவரவியல், சூழலியல் என்றால் தாராளமாக யோசிக்கலாம். 1593-இல் போட்ட தாவரத் தோட்டம் இருக்கிறது, சிராத் (வேளாண் ஆய்வு மையம்) போன்ற ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன, நம் புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டோடு ஆய்வுத் தொடர்பும் உண்டு. 2023 டிசம்பர் முதல் உள்ளூர்வாசிகளுக்கு டிராமும் பேருந்தும் இலவசம்.

முத்தியால்பேட்டையான்:
நன்றி. பாரிஸ், எக்ஸ் இரண்டுக்கும் விண்ணப்பித்தால் ஒரே கடிதம் போதுமா?

கெடிலக்கரை:
போதாது. பிரான்ஸ் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும் கேம்பஸ் பிரான்ஸ் தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி ஊக்கக் கடிதம் போடலாம், போடணும். எக்ஸ் கடிதத்தில் சி2 வரிசையில் எந்த ஆண்டுகள், யார் எழுதிய கடிதங்கள் என்று குறிப்பிடட்டும். வழிகாட்டப்போகும் பேராசிரியருக்கு முன்கூட்டியே ஒரு பக்க ஆய்வுத் திட்டம் அனுப்பட்டும்.

வைசியாள் வீதி:
பாரிஸ் கடிதத்தில் தமிழ் மூலங்களையும் பிரெஞ்சு மூலங்களையும் ஒப்பிடப்போவதாக எழுதட்டும். தமிழ் கையெழுத்து படிக்கத் தெரிந்த மாணவர் அங்கே அரிது, அதை முதல் பத்தியிலேயே சொல்லணும். நான் இன்னும் பாரிஸ்தான் என்பேன். எக்ஸுக்கு இரண்டாம் ஆண்டில் மூன்று வாரம் போனால் தேவையான கட்டுகளைப் படமெடுத்து வந்துவிடலாம்.

கெடிலக்கரை:
மூன்று வாரத்தில் படமெடுக்கலாம், படிக்க முடியாது. ஒரு கட்டில் எது தேவை என்பதே முழுக்கப் படித்த பிறகுதான் தெரியும்.