ஆமை முட்டை 9 கிடக்கிறது, இன்குபேட்டர் வாங்கக் காசில்லை

ஆரையம்பதிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். மீன் தொட்டிக் கடைகளில் விற்பார்களே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமை, அதில் ஒரு சோடி எங்கள் வீட்டுச் சிமெந்துத் தொட்டியில் வளர்கிறது. நேற்றுப் பின்னேரம் பெட்டை வெளியே ஏறிப் போய், கிணற்றடி வாழைக்குப் பக்கத்தில் பின்னங்காலால் குழி தோண்டியது. இன்று காலை மண்ணை மெதுவாக விலக்கிப் பார்த்தேன், 9 முட்டை. திரும்ப மூடிவிட்டேன்.

அங்கேயே விடலாம் என்றால், ஐப்பசி பிறந்துவிட்டது. பெருமழை வந்தால் எங்கள் கிணற்றடியில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். இன்குபேட்டர் விலை கேட்டேன், எனக்குச் சரிவராது. கையில் 3000 ரூபாய் இருக்கிறது. அம்மா அடைக்கோழிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

கல்லாற்றுக்காரன்:
அம்மா சொல்வது நல்ல யோசனைதானே தம்பி. எங்கள் வீட்டில் வாத்து முட்டையைக் கோழிதான் பொரித்துத் தந்தது. ஒரு சதமும் செலவில்லை.

களுவாஞ்சிக்குடி மீன்தொட்டி அக்கா:
தம்பி, கோழிக்குக் கீழே வைத்துவிடாதேயும். கோழியின் சூடு 37 பாகைக்கு மேல். ஆமை முட்டைக்கு 34 தாண்டினாலே ஆபத்து. அதைவிடப் பெரிய சங்கதி, கோழி ஒரு நாளைக்குப் பலமுறை முட்டையைப் புரட்டும். பறவை முட்டைக்கு அது தேவை. ஆமை முட்டையில் கரு மேல்பக்கத்து ஓட்டோடு ஒட்டித்தான் வளரும். இட்டு ஒரு நாள் போன பிறகு தலைகீழாகக் கிறுகினால் கரு செத்துவிடும்.

ஆகவே எடுக்கும் முன்னமே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையும். பேனை வேண்டாம். புள்ளி மேலே பார்த்தபடியே எடுத்து, அப்படியே பெட்டிக்கு மாற்றும். இன்றைக்கே செய்யும்.

மறுகா பெட்டி. மீன் ஐஸ் போட்டு அனுப்புகிற ரெஜிபோம் பெட்டி இருக்கிறதே, மூலை உடைந்தால் மீன் வாடிகளில் சும்மாவே தருவார்கள். நன்றாகக் கழுவி வெயிலில் காயவையும். அடியில் நாலைந்து அங்குலம் தண்ணீர், அதற்குள் 2 செங்கல், செங்கல்லுக்கு மேல் ஐஸ்கிறீம் டப்பா. டப்பாவுக்குள் தும்புத்தூள். தும்புத்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியும். கைக்குள் இறுக்கினால் சொட்டக்கூடாது, விரித்தால் கட்டியாக நிற்க வேண்டும், அதுதான் பதம். கடற்கரை மண் அள்ளி வந்து போடுகிற ஆட்களும் உண்டு, அது வேண்டாம். முட்டையைப் பாதி புதையும்படி, ஒன்றோடொன்று தொடாமல் வையும். பூஞ்சணம் பிடித்தால் அடுத்ததுக்குத் தாவாது.

மூடியில் ஆவி திரண்டு முட்டைமேல் சொட்டும். அதற்காக ஒரு பக்கம் சின்னக் கட்டை வைத்து டப்பாவைச் சரிக்காதேயும், முட்டை உருளும். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு பருத்தித் துணியை இழுத்துக் கட்டினால் போதும். காற்றுக்கு நாலு சின்னத் துளை.

சூடு பற்றி எல்லாரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். குளிர் நாட்டில் இருந்து எழுதுகிறவர்களின் குறிப்பைப் படித்துவிட்டு வந்து நம்மூரில் பல்ப் கொளுத்துவது சரியல்ல. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 33 வரும், அப்போது குளிரான மூலை தேடவேண்டும். இப்போது வாடை தொடங்கும், இரவில் 24 அளவுக்கு இறங்கும். ஹீட்டரே இல்லாவிட்டாலும் பொரிக்கக்கூடும், நாள் இழுபடும், குட்டியெல்லாம் ஆணாகப் போகும். இந்த ஆமைக்கு 26 பாகையில் வைத்தால் முழுக்க ஆண், 31இல் முழுக்கப் பெண், 29க்குக் கொஞ்சம் மேலே கலவை. அடைக்காலத்தின் நடு மூன்றிலொரு பங்கில்தான் அது தீர்மானமாகும்.

காசை இரண்டுக்குச் செலவழியும்: வயரோடு வரும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, தெர்மோஸ்டாட் (சூட்டை ஒரே அளவில் தானே நிறுத்துவது) உள்ள 50 வாட் மீன் தொட்டி ஹீட்டர் ஒன்று. ஹீட்டர் அடித் தண்ணீரில் முழுதாகத் தாழ்ந்திருக்க வேண்டும். நாளில் பாதி நேரம் எரிந்தாலும் மாதம் 18 யூனிட்தான். வெப்பமானியின் நுனி முட்டைக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. முட்டை இல்லாமல் ஒரு இரவு ஓடவிட்டு 29இல் நிற்கிறதா என்று பாரும், அதுவரைக்கும் டப்பாவை அறைக்குள் வையும். தண்ணீர் விடக் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றும்.

எறும்பை மறக்காதேயும். பெட்டியை ஸ்டூலில் ஏற்றி, நாலு காலுக்கும் தண்ணீர்க் கோப்பை வையும். நம் வீடுகளில் சீனிப் போத்தலுக்குச் செய்கிற வேலைதான்.

ஆரையம்பதிப் பொடியன்:
பெரிய உபகாரம் அக்கா. முட்டையை மாற்றிவிட்டேன், புள்ளியும் வைத்தாயிற்று. ஆனால் மழைக்கு எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். அதோடு, முட்டை நல்லதா கூழா என்று எப்படிப் பார்ப்பது?

களுவாஞ்சிக்குடி மீன்தொட்டி அக்கா:
கரண்ட் போனால் பெட்டிக்கு மேல் பழைய போர்வையைப் போட்டுவிட்டுச் சும்மா இரும். அடித் தண்ணீர் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். சில மணி நேரம் 25க்கு இறங்குவதால் ஒன்றும் ஆகாது. பதறிப்போய் கொதிதண்ணீர்ப் போத்தல் வைப்பவர்கள்தான் முட்டையை அவிப்பார்கள்.

நல்ல முட்டையில் சில நாளில் மேல்பக்கம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை விழுந்து, மெல்ல மெல்லச் சுற்றிப் பரவும். கருக்கட்டாதது மஞ்சளாகவே இருக்கும். இரண்டு கிழமைக்குப் பிறகு இருட்டில் போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் சிவப்பு நரம்பு தெரியும். கையில் எடுக்காதேயும். தொடக்கத்திலேயே குழி விழுந்தால் ஈரம் போதாது. முட்டைக்கு மேல் தெளிக்காமல் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் விடும்.

60 முதல் 80 நாள் போகும். குட்டி ஓட்டைக் கிழித்துவிட்டு ஒரு நாளோ இரண்டு நாளோ உள்ளேயே இருக்கும், வயிற்றில் மஞ்சட்கரு வற்ற வேண்டும். உதவி செய்கிறேன் என்று இழுத்தெடுத்தால் அது கிழிந்து குட்டி போய்விடும்.

பொத்துவில் அலை:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் கரையில் சில நேரம் கடலாமை முட்டையிட்டுப் போகும். நாய் தோண்டுகிறது. இதே மாதிரிப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துக் காப்பாற்றலாமா?

களுவாஞ்சிக்குடி மீன்தொட்டி அக்கா:
கூடாது தம்பி, நல்ல எண்ணமாக இருந்தாலும். இலங்கைக் கரையில் முட்டையிடும் கடலாமை 5 வகை, ஐந்தும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். முட்டை கையில் இருந்தாலே குற்றம். நட்சத்திர ஆமைக்கும் சட்டம் உண்டு. இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லும். அவர்கள் வரும்வரை நாயைக் கலைக்கலாம்.

ஆரையம்பதிப் பொடியன்:
கடைசியாக ஒன்று. குட்டி கூடிவிட்டால் மிச்சத்தை வாவியில் விடலாமா?

களுவாஞ்சிக்குடி மீன்தொட்டி அக்கா:
வாவியிலும் விடாதேயும், குளத்திலும் விடாதேயும். இது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை. உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதன் பேரும் இருக்கிறது. நம்மூர்ப் பாலாமையின் இடத்தையும் சாப்பாட்டையும் பிடிக்கும். 30 வருடம் வாழக்கூடியது. ஆகவே எடுக்க ஆள் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவையும். நாலு பேருக்கு மேல் கிடைக்காவிட்டால், நாலு முட்டையை மட்டும் அடை வையும். மற்றதை எறிவதில் பாவம் பார்க்காதேயும், கரு இன்னும் தொடக்க நிலையில் இருக்கிற நேரம். சின்னப் பிள்ளைகள் குட்டியைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், இதில் சல்மொனெல்லா கிருமி இருக்கும்.

கல்லாற்றுக்காரன்:
அக்கா, கோழி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தம்பி, என்னிடம் 50 வாட் ஹீட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, வேலை செய்யும். சனிக்கிழமை மட்டக்களப்புச் சந்தைக்கு வருவேன், வேண்டுமென்றால் சொல்லும். காசு வேண்டாம், ஒரு குட்டி தந்தால் போதும். பெண்ணாக இருந்தால் நல்லது.