பிளாக் சபாத் ராக் இசைக்குழு ரசிகர்களே: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ராத்திரி ஷிப்ட்:
2025 ஜூலை 30. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்க வேண்டியவள், பர்மிங்காம் பிராட் ஸ்ட்ரீட் பாலத்தில் நின்றேன். சபாத் பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் இறுதி ஊர்வலம். குழுவின் நால்வர் முகம் இருக்குமே, அந்த பெஞ்சைச் சுற்றி ஒரே பூக்குவியல். கார் நின்றது, அவர் மனைவி ஷேரன் இறங்கினார். அதெல்லாம் டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். என்னை அரிப்பது வேறு. பக்கத்தில் நின்ற பாட்டி, எழுபது வயதிருக்கும், "நீயும் ரசிகையாம்மா?" என்று கேட்டார். நர்ஸ் உடுப்பு, கொண்டை, கையில் டிபன் பை. "இல்லை, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக சபாத்தின் 'பாரனாய்ட்' கேட்டுக்கொண்டுதான் ராத்திரி பஸ் ஏறுகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

தகடு:
வுல்வர்ஹாம்டன் பக்கம் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். சேர்ந்த முதல் வாரம், சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே விடப் போனேன். வயதான ஃபோர்மேன் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார். திட்டுவார் என்று பார்த்தால், வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கிக் காட்டி, "டோனி" என்றார். அவ்வளவுதான். சபாத் கிட்டார்காரர் டோனி அயோமியைச் சொன்னார். விரல் போனபோது அயோமிக்கு 17 வயது, தகட்டு ஆலை வேலையில் அன்றுதான் கடைசி நாள். மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், இனி போகமாட்டேன் என்றிருக்கிறார். அம்மாதான் திருப்பி அனுப்பினார். பழக்கமில்லாத பிரஸ், இரண்டு விரல் நுனியும் போயிற்று. இடக்கைக்காரர், கம்பியை அழுத்துகிற கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். 1971-ல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துக்காகக் கம்பியை மூன்று அரைச் சுரம் தளர்த்தினார். அந்தக் கனத்த சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான்.

நாலு பேர்:
2017 பிப்ரவரி 4, பர்மிங்காமில் சபாத்தின் 'தி எண்ட்' விடைபெறும் பயணத்தின் கடைசி இரவு. எல்லோரும் குதிக்கிறார்கள், முன்வரிசையில் ஒருவர் மட்டும் டிரம்ஸைப் பார்த்து "பில் எங்கே?" என்று கத்திக்கொண்டே இருந்தார். முதல் டிரம்மர் பில் வார்ட் இல்லாமல் என்ன சபாத்? ஆரம்பித்த ஆஸி, டோனி, கீஸர், பில், அந்த நால்வர் மட்டும்தான் சபாத். 1979-ல் ஆஸியை வெளியேற்றிய பிறகு வந்ததெல்லாம் அதே பெயரில் வேறு கடை.

கும்பகோணத்துக் காது:
வேறு கடையா? 1980-ல் ஆஸிக்குப் பதில் வந்த டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பம் கேட்டுவிட்டுப் பேசுங்கள் சார். சரி, என் கதை: 2025 ஜூலை 5, டிக்கெட் கிடைக்காமல் பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்துக்கு வெளியே சுவரோரம் நின்று கேட்டேன். உள்ளே அந்த நால்வரும், பில்லும்தான், 2005-க்கு அப்புறம் முதல் தடவையாக ஒன்றாக வாசிக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது பேஸ் அதிர்வு மட்டும். அது கிடக்கட்டும். கச்சேரிக்குப் போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு வைக்காதீர்கள், பயனில்லை. நுரை அடைப்பான் வாங்குங்கள். விரலால் மெல்லிசாக உருட்டி, மற்ற கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கவே கூடாது. நடுவில் வெளியே வந்து காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் இரைச்சல் போகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். நர்ஸ் அம்மா, உங்களுக்கும்தான். ஹெட்ஃபோன் சத்தத்தைப் பாதிக்கு மேல் வைக்காதீர்கள்.

ராத்திரி ஷிப்ட்:
அண்ணா, நான் கேட்டது காதைப் பற்றி இல்லை.