கலிஃபோர்னியாவை விட்டு டெக்சஸ் போனால் மாநில வரியில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

வடகரை:
கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் நம்மவர் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. கணக்கோடு பேசுவோம். கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்த்து 3 லட்சம் டாலர், கூட்டுத் தாக்கல், குழந்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 கலிஃபோர்னியா அட்டவணைப்படி நிலையான கழிவு 11,080 போக மீதிக்கு மாநில வரி சுமார் 19,600. அதற்கு மேல் எஸ்டிஐ, அதாவது சம்பளத்தில் பிடிக்கும் மாநில உடலியலாமைக் காப்பீடு. 2024 முதல் அதற்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. அந்த ஆண்டு 1.1%, அதாவது 3,300. மொத்தம் ஏறக்குறைய 23,000 டாலர். டெக்சஸில் இரண்டுமே இல்லை. 2019-ல் மக்கள் வாக்களித்து, தனிநபர் வருமான வரி போடக்கூடாது என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். பத்து வருடத்தில் ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவே கைக்கு வந்துவிடும். இதைப் பார்த்துக்கொண்டே இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆற்காட்டார்:
23,000 என்பது செலவுப் பக்கத்தை மூடிவைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

முதலில் மத்திய வரி. மாநில, உள்ளூர் வரிகளைக் கழிக்கும் சால்ட் வரம்பு 10,000-ஆக இருந்தது. 2025-க்கு 40,000 ஆகிவிட்டது. வீட்டுக்கடன் வட்டியும் இருந்து, பட்டியலிட்டுக் கழிப்பவர் 24% படியில் இருந்தால், அந்த 23,000-ல் 5,500 வரை மத்திய வரியிலேயே குறைகிறது. டெக்சஸ் போனால் அந்தக் கழிவும் போச்சு.

அடுத்தது வீட்டு வரி. இங்கே 2012-ல் 5 லட்சத்துக்கு வாங்கிய வீடு, 1978-ல் வந்த 13-ஆம் தீர்மானத்தால் வரி மதிப்பில் ஆண்டுக்கு 2%-க்கு மேல் ஏறாது. இன்றைக்கும் மதிப்பு ஆறரை லட்சத்தைத் தாண்டாது, 1.2% போட்டால் வரி 7,800-க்குள். டாலஸ் புறநகரில் 6 லட்சம் டாலர் புது வீடு, மொத்த வீதம் 2.2% என்றால், பள்ளி மாவட்டப் பங்கில் விலக்கு போகவும் 11,500-க்கு மேல் வரும். வரி வாங்காத மாநிலம் என்று எதுவும் இல்லை, நண்பரே. வேறு வாசல் வழியாக வாங்குகிறார்கள்.

வடகரை:
வீட்டு வரியை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே 2012-ல் வீடு வாங்கி வைத்தவர் எத்தனை பேர்? இன்றும் வாடகையில் இருப்பவருக்கு உங்கள் 13-ஆம் தீர்மானத்தால் ஒரு சதம் பயன் இல்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கும் சின்னது அல்ல: பள்ளி மாவட்டப் பங்கில் 2023-ல் 1 லட்சம், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1.4 லட்சம். குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10%-க்கு மேல் ஏறவும் கூடாது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள் ஆட்சேபம் போடலாம். பக்கத்து வீடுகள் விற்ற விலை, கூரைச் சேதத்தின் படங்கள் இவற்றோடு போனால் பல இடங்களில் குறைத்தே கொடுக்கிறார்கள்.

ஆற்காட்டார்:
அந்த 10% வரம்பு முதல் ஆண்டே வராது. ஹோம்ஸ்டெட் கிடைத்த அடுத்த ஆண்டுதான் தொடங்கும். விண்ணப்பத்தில் இருக்கும் முகவரியும் டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

புது வீட்டில் இன்னொரு குழி இருக்கிறது. மதிப்பீடு ஜனவரி 1 நிலவரப்படி. அன்றைக்கு வெறும் மனையாக இருந்தால் முதல் ஆண்டு வரி மனைக்கு மட்டும். வங்கி அதை வைத்து எஸ்க்ரோ தவணையை, அதாவது வீட்டுக்கடனோடு மாதாமாதம் வரிக்காக வாங்கும் தொகையை, குறைவாகப் போடும். அடுத்த ஆண்டு வீட்டோடு சேர்த்து முழு வரி வந்ததும் பற்றாக்குறையும் புதுத் தவணையும் ஒன்றாகத் தலையில் விழும். மாதம் 500, 600 டாலர் கூடிவிட்டது என்று அலறுகிறவர்கள் இதில் சிக்கியவர்கள்தான். வீடு பார்க்கும்போதே மட் வரி உண்டா என்று கேளுங்கள். புதுக் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை போட வாங்கிய கடன் பத்திரத்தை அங்கே குடியேறுகிறவர்கள் அடைக்கும் வரி அது. ஒரே ஊரில் அடுத்தடுத்த இரண்டு குடியிருப்புகளில் வீதம் வேறாக இருப்பது இதனால்தான். காப்பீட்டிலும் கவனம் தேவை: ஆலங்கட்டி மழைக்கான கழிவுத்தொகை வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1% அல்லது 2% என்று இருக்கும். 5 லட்சத்துக்கு 2% என்றால் கூரை மாற்றும்போது முதல் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

மேற்குமலை:
இவ்வளவு பாடு எதற்கு? ஆஸ்டினில் ஒரு சின்ன அபார்ட்மென்ட், டெக்சஸ் உரிமம், வண்டிப் பதிவு, வாக்காளர் பதிவு. 183 நாள் கலிஃபோர்னியாவுக்கு வெளியே இருந்தால் போதும். குடும்பம் இங்கேயே இருக்கட்டும், பிள்ளைகள் பள்ளி கெடாது.

கொள்ளிடம்:
மேற்குமலை, இதை அப்படியே விட முடியாது. யாராவது நம்பிச் செய்து மாட்டிக்கொள்வார்கள்.

கலிஃபோர்னியாவில் 183 நாள் விதி என்று ஒன்று இல்லை. அது நியூயார்க் போன்ற மாநிலங்களின் பேச்சு. இங்கே மாநில வருமான வரித் துறையான எஃப்டிபி பார்ப்பது நெருங்கிய தொடர்பு எந்த மாநிலத்தோடு என்பதை: துணையும் பிள்ளைகளும் எங்கே, பெரிய வீடு எது, மருத்துவர், பல் மருத்துவர், வங்கிக் கிளை, கடன் அட்டை எங்கே தேய்க்கப்படுகிறது. உரிமம் என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரி மட்டும். குடும்பம் இங்கே சன்னிவேலில், ஆள் மட்டும் ஆஸ்டினில் என்றால் நீங்கள் தற்காலிகமாக வெளியே போன கலிஃபோர்னியாக்காரர், அவ்வளவுதான். உலகில் எங்கே சம்பாதித்தாலும் முழு வரி.

ஒருவேளை உங்களை டெக்சஸ்வாசி என்றே ஏற்றுக்கொண்டாலும் அடுத்த வலை காத்திருக்கிறது. இரண்டுமே கணவன் மனைவி சொத்தைப் பொதுவாகப் பார்க்கும் மாநிலங்கள். டெக்சஸில் கணவர் சம்பாதிக்கும் சம்பளத்தில் பாதி சட்டப்படி மனைவியுடையது. மனைவி கலிஃபோர்னியாவாசி என்றால் அந்தப் பாதிக்குக் கலிஃபோர்னியா வரி போடும். மூவ் ஆவதென்றால் குடும்பத்தோடு மூவ் ஆக வேண்டும்.

மேற்குமலை:
அப்படியானால் 546 நாள் பாதுகாப்பு விதி எதற்கு இருக்கிறது? அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

கொள்ளிடம்:
அது வேலை ஒப்பந்தத்தின் பேரில் வெளியே அனுப்பப்படுகிறவருக்கு. தொடர்ந்து 546 நாளாவது வெளியே இருக்க வேண்டும். எந்த வரி ஆண்டிலும் கலிஃபோர்னியாவுக்கு வந்துபோகும் நாட்கள் 45-ஐத் தாண்டக் கூடாது. வட்டி, பங்காதாயம், பங்கு விற்ற லாபம் போன்றவை ஒப்பந்தக் காலத்தில் எந்த ஆண்டிலும் 2 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியே போனதன் முக்கிய நோக்கம் வரியைத் தவிர்ப்பது என்றால் இந்த விதியே பொருந்தாது. நீங்கள் சொன்ன திட்டத்தின் நோக்கமே அதுதானே?

தொகை பெரிதென்றால் எஃப்டிபி சலிப்பதும் இல்லை. மைக்ரோபிராசசர் காப்புரிமையால் பெயர் பெற்ற கில்பர்ட் ஹையட் 1991-ல் லாஸ் வேகஸ் போனதாகச் சொன்னார். போன தேதியை எஃப்டிபி ஏற்கவில்லை. அந்தத் தகராறு 2003, 2016, 2019 என்று மூன்று தடவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறி இறங்கியது.

வடகரை:
குடும்பத்தோடு நேர்மையாகப் போகிறவரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். போன நாளிலிருந்து அவருக்குக் கலிஃபோர்னியா வரி இல்லை, சரிதானே?

கொள்ளிடம்:
சம்பளத்துக்குச் சரி. டெக்சஸில் உட்கார்ந்து கலிஃபோர்னியா நிறுவனத்துக்கு வேலை பார்த்தாலும், உடல் எங்கே இருந்து வேலை செய்ததோ அந்த மாநிலம்தான் கணக்கு. ஆனால் ஊழியராக அல்லாமல் சொந்த ஒப்பந்தக்காரராக 1099-ல் வேலை செய்தால் அப்படி இல்லை. வாடிக்கையாளர் பயனைப் பெறும் இடம் கலிஃபோர்னியா என்றால் வரி அங்கேதான்.

ஆர்எஸ்யூ, அதாவது சம்பளத்தோடு நிறுவனம் தரும் பங்கு, அதன் கதை வேறு. கிராண்ட் ஆன (பங்கு ஒதுக்கிய) நாளிலிருந்து வெஸ்ட் ஆகும் (பங்கு கைக்கு வரும்) நாள்வரை மொத்த வேலை நாட்களை எண்ணி, அதில் கலிஃபோர்னியாவில் வேலை செய்த நாட்களின் விகிதம் கலிஃபோர்னியா வருமானம். 2023 மார்ச் 1 கிராண்ட், 2024 செப்டம்பர் 1 மூவ், 2026 மார்ச் 1-ல் 80,000 டாலருக்கு வெஸ்ட். மூன்று வருடத்தில் ஒன்றரை வருடம் இங்கே. ஆக 40,000 கலிஃபோர்னியா வருமானம். இதை மட்டும் கீழ்ப்படியில் வைத்து வரி போடமாட்டார்கள். வெளிமாநிலத்தவர்க்கான 540என்ஆர் படிவம் உங்கள் முழு வருமானத்துக்கும் வரி கணக்கிட்டு, வரும் சராசரி வீதத்தை இந்த 40,000-க்குப் போடும். சம்பளம் 3 லட்சமும் சேர்ந்தால் சுமார் 3,000 டாலர். இதைத் தாக்கல் செய்யாமல் விட்டால் பெரிய ஆபத்து: தாக்கல் செய்த ஆண்டை எஃப்டிபி பொதுவாக 4 வருடத்துக்குள் கிளற வேண்டும், தாக்கலே செய்யாத ஆண்டுக்குக் கால வரம்பு இல்லை.

401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றிக் கவலை வேண்டாம். இங்கே சேர்த்ததை அங்கே குடியிருக்கும்போது எடுத்தால் கலிஃபோர்னியா தொட முடியாது. 1996-ல் வந்த மத்தியச் சட்டம் தடுக்கிறது.

நொய்யல்:
நம்மவர்க்கு வரிக்கு முன்னால் விசா. எச்1பி வேலை விசாவில் இருப்பவர் வேறு பெருநகரப் பகுதிக்குப் போனால் புது எல்சிஏ (தொழிலாளர் துறையிடம் நிறுவனம் பெறும் சம்பள, வேலை இட ஒப்புதல்), திருத்த மனு இரண்டும் வேண்டும். குடியேற்றத் துறையின் 2015 சிமியோ வழக்கு முடிவுக்குப் பிறகு இதில் சந்தேகமே இல்லை. திருத்த மனு போய்ச் சேர்ந்த பிறகுதான் புது இடத்தில் வேலை தொடங்க வேண்டும். “முதலில் போய்விடுகிறேன், எச்ஆர் பிறகு பார்த்துக்கொள்ளும்” என்பது நிலையையே கெடுக்கும். கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றான பெர்ம் பெரும்பாலும் வேலை இடத்தோடு கட்டப்பட்டது. இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகியிருந்தால் கிரீன் கார்டு வரிசைக்கான முன்னுரிமைத் தேதி கையில் நிற்கும்; கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போட்டு 180 நாள் தாண்டியவர் ஓரளவு நிம்மதியாக நகரலாம். முகவரி மாற்றத்தைக் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

ஆற்காட்டார்:
இதோடு சம்பளத்தையும் சேருங்கள். பல நிறுவனங்கள் இருக்கும் ஊரை வைத்துச் சம்பளப் பட்டை வைத்திருக்கின்றன. 3 லட்சத்தில் 10% வெட்டினால் 30,000 போச்சு, மிச்சம் பிடிக்க நினைத்த 23,000-ஐவிட அதிகம். அடுத்த ஆர்எஸ்யூ கிராண்ட்டும் அந்தப் பட்டைப்படிதான் வரும். புதுச் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

வடகரை:
ஒத்துக்கொள்கிறேன். 23,000-ல் சால்ட் கழிவு 5,500, வீட்டு வரி வித்தியாசம் 4,000 போனால் 13,500. காப்பீடு இன்னும் கொஞ்சம் தின்னும். சம்பளம் வெட்டாத நிறுவனம், வாடகையிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும் குடும்பம், பழைய ஆர்எஸ்யூ கொஞ்சம்தான் பாக்கி என்றால் இது நல்ல தொகை என்றே இன்னமும் சொல்வேன். அங்கே வீட்டு விலையே பாதி என்பதை ஆற்காட்டார் தொடவே இல்லை.

ஆற்காட்டார்:
வீட்டு விலைக்காகப் போங்கள், நான் தடுக்கவில்லை. வரிக்காக என்று சொல்லாதீர்கள். இங்கே உள்ள வீட்டை வாடகைக்கு விட்டுப் போனால் அந்த வாடகைக்குக் கலிஃபோர்னியா வரி தொடரும். விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அதில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற கணக்கு, வெளியேறிய மூன்று வருடத்தில் காலாவதியாகும். அப்போது தம்பதிக்கான 5 லட்சம் லாப விலக்கும் சேர்ந்து போகும். விலக்குச் சான்று இல்லாமல் விற்றால் 593 படிவத்தில் விற்ற விலையிலேயே மூன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் பிடித்துவிடுவார்கள்.

நொய்யல்:
போகிறதென்று முடிவானவர்களுக்கு ஒன்று. மூவ் ஆன வாரமே பேரோலில் வேலை இடத்தையும் வீட்டு முகவரியையும் மாற்றுங்கள். வீட்டு முகவரியை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறவர்கள் நிறைய. அடுத்த சம்பளச் சீட்டில் கலிஃபோர்னியா வரியும் எஸ்டிஐயும் நின்றிருக்க வேண்டும். ஆர்எஸ்யூவுக்குப் பங்குத் தளத்தில் மாநிலம் தனியாகப் பதிவாகியிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் முழு வெஸ்ட்டிலும் 10.23% கலிஃபோர்னியாவுக்குப் போய்விடும். ஜனவரியில் ஆண்டுச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 வந்ததும் 16-ஆம் பெட்டியில் கலிஃபோர்னியா சம்பளம் மூவ் ஆன தேதியோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் தாக்கலுக்கு முன்பே நிறுவனத்திடம் திருத்திய சான்றான டபிள்யூ-2சி கேளுங்கள். தவறான பெட்டியை வைத்து 540என்ஆர்-ல் குறைத்துக் காட்டினால் எஃப்டிபி கடிதம் வரும். அப்போது வீட்டுச் சாமான் ஏற்றிச் சென்றவரின் ரசீது, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கைத் தாள் எல்லாம் தேதியோடு கையில் இருக்க வேண்டும்.