நுழைவுத்தேர்வு பொது அறிவியல்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கேள்வி, பகிருங்க

கரும்பலகை:
மாதிரித் தேர்வுக்கு விடை சொல்லும் வகுப்பு. விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பது ஏன்? "அங்கே புவியீர்ப்பு இல்லை" என்று சார் வாசித்தார். வாயே திறக்காத ஒரு பொண்ணு கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "ஈர்ப்பே இல்லேன்னா நிலையம் ஏன் சார் பூமியைச் சுத்துது? நேரா போயிருக்கணுமே?" என்றாள். போர்டில் வைத்த சாக்பீஸ் அப்படியே நின்றது. அப்புறம் அவரே கணக்குப் போட்டார். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7, தரையில் 9.8. பெரிய வித்தியாசமே இல்லை! நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் அந்த மிதப்பு. அந்தப் பொண்ணு முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ராத்திரிப்படிப்பு:
கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காத இடத்தில் யோசிக்க ஏது நேரம்? மனப்பாடம்தான் கை கொடுக்கும். நான் பார்த்தது: தேர்வு முடிந்து வாசலில் ஒரு பையன் வினாத்தாளை மடியில் விரித்து வைத்து அழுதுகொண்டிருந்தான். தண்ணீரின் அடர்த்தி எந்த வெப்பநிலையில் அதிகம்? 4 டிகிரி என்று அவனுக்கு நல்லாத் தெரியும். விடைகளில் 4 இல்லை, 277 கெல்வின் இருந்தது. விட்டுட்டு வந்துட்டான்.

சாய்வுதளம்:
ராத்திரிப்படிப்பு, நீங்க சொன்ன கதையே உங்களுக்கு எதிரா இருக்கே. அவன் 4-ஐ மனப்பாடம் பண்ணினதால்தானே 277-ஐப் பார்த்தும் தெரியல? புதுசா எழுதுறவங்களுக்குச் சொல்றேன். எந்த எண்ணைப் படித்தாலும் அதன் அலகோடு படிங்க, செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின். ஒளியாண்டு என்பது தூரம், காலம் இல்லை. வைட்டமின் பட்டியலை நோயிலிருந்து திருப்பிப் படிங்க: மாலைக்கண் ஏ, பெரிபெரி பி1, ஸ்கர்வி சி, ரிக்கெட்ஸ் டி. வண்டியின் பக்கக் கண்ணாடி குவியாடி, பல் மருத்துவர் கையில் இருப்பது குழியாடி. இரண்டையும் படம் வரைந்து பாருங்க, குழம்பவே குழம்பாது. பத்தாம் வகுப்பு வரைக்குமான பாடப்புத்தகத்தை முடிக்காமல் கைடைத் தொடாதீங்க. என் அனுபவத்தை இன்னொரு நாள் எழுதறேன்.

மழைமானி:
எனக்கு நேர்முகத் தேர்வில் நடந்தது. மிதக்கிற ஐஸ்கட்டி உருகினால் டம்ளரில் நீர்மட்டம் என்ன ஆகும்? மாறாது, தன் எடைக்குச் சமமான நீரைத்தான் அது ஏற்கெனவே விலக்கியிருக்கு என்றேன். அவர் முன்னாடி இருந்த டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "இது உப்புத்தண்ணியா இருந்தா?" என்றார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மணி அடித்துவிட்டது. யாராவது சொல்லுங்க.

கரும்பலகை:
கொஞ்சம் உயரும். உப்புத்தண்ணீருக்கு அடர்த்தி அதிகம், அதனால் ஐஸ் விலக்குகிற அளவு குறைவு. உருகி வருவது நல்ல தண்ணீர், அதே எடைக்கு அது கூடுதல் இடம் பிடிக்கும்.