பழைய பத்மினி காரில் வைத்துக்கொள்ள எந்த ஜாக்கி நல்லது?

வணக்கம் அண்ணன்மாரே. எங்களிடம் 1984 பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. வீடு குளச்சலில், உப்புக்காற்று வண்டியின் அடிப்பக்கத் தகட்டை நன்றாகவே அரித்துவிட்டது. பக்கவாட்டில் ஜாக்கியை மாட்டும் இடத்தை விரலால் அழுத்தினாலே துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. அதன்மேல் வண்டியின் பாரத்தை ஏற்றத் தைரியமில்லை. வெல்டிங் வேலை மழை முடிந்துதான்.

அதுவரை டிக்கியில் எதை வைக்கலாம்? 2 டன் பாட்டில் ஜாக்கி (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும், பாட்டில் வடிவ ஜாக்கி) என்றால், பின்பக்கம் ஆக்சிலில் (அச்சில்) லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) கட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்கலாம். தகட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் டயரில் காற்று முழுக்க இறங்கிவிட்டால் அது அடியில் நுழையுமா? டிக்கியில் படுத்துக் கிடந்தால் எண்ணெய் கசியுமே என்ற கவலை வேறு. சிசர் ஜாக்கி (திருகினால் கத்தரிபோல் விரிந்து தூக்கும் ஜாக்கி) தாழ்வாக நுழையும், எண்ணெய்த் தொல்லையும் இல்லை. ஆனால் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டச் சரிவில், ஈர மண்ணில் அது சாய்ந்துவிட்டால்? அம்மாவும் பிள்ளைகளும் வருகிற வண்டி. அடியில் போட அயினிப் பலகையும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

பத்மினி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: முன்பக்கம் எந்த இடத்தில் ஜாக்கி கொடுக்கிறீர்கள்? நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நம்பி வாங்கக்கூடிய கடை எது?