ஸ்டார் ட்ரெக் தொடரில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸை எங்கே, எப்படிக் கண்டீர்கள்?

ஆறாவது ஆள்

கலிபோர்னியாவில் நடந்த ஒரு ரசிகர் மாநாட்டில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, எனக்கு முன்னால் ஐந்து பேர் மட்டுமே மிச்சமிருந்தபோது, கையொப்பம் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அவரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கும் துணிவுதான் இல்லை.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் முடிந்ததும் விலகிவிடத் தீர்மானித்து அவர் அதை உருவாக்கிய ரோடன்பெரியிடம் கடிதம் கொடுத்ததும், அந்த வார இறுதியில் ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங் எதிரே வந்து, தம் பிள்ளைகள் விழித்திருந்து பார்க்க அனுமதிக்கும் தொடர் அது என்றும் அவர் விலகக் கூடாது என்றும் சொன்னதும் நம் எல்லோருக்கும் தெரியும். நிக்கல்ஸே பலமுறை சொன்ன கதை அது. எனக்கு உறுத்துவது அதன் மறுபக்கம். டியூக் எலிங்டன் குழுவுடன் பாடியவர், பிராட்வே மேடையை நோக்கிப் புறப்பட்டவர், மூன்று பருவங்களும் விண்கப்பலின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக ஒரே நாற்காலியில் அமர்ந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு வரி வசனத்தோடு இருந்தார். அந்த மேடையை நினைத்து எப்போதாவது வருந்தினீர்களா என்று கேட்க விரும்பினேன்.

திரும்பும்போது, முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு இடையே அவருடைய கை மட்டும் தெரிந்தது. யாரோ புகைப்படம் கேட்டிருக்க வேண்டும். விரல்கள் மெல்ல உயர்ந்து, இல்லாத ஒரு கேட்புக்கருவியைத் தொடுவதுபோல் காதருகே நின்றன.

பனிநிலத்துக்காரி

ஐயா, அந்த நாற்காலியில் அவர் வீணானார் என்று நீங்கள் நினைப்பதாகத் தோன்றுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை.

மினசோட்டாவில் படித்த காலத்தில், விடுதியின் பொதுக்கூடத்தில், உஹுராவும் கேப்டன் கிர்க்கும் முத்தமிடும், 1968 நவம்பரில் ஒளிபரப்பான அந்தக் காட்சியை மறுஒளிபரப்பில் பார்த்தேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பரும் வெள்ளையரும் இட்டுக்கொண்ட முதல் முத்தம் என்று எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆனால் என் மனத்தில் நின்றது முத்தத்துக்கு முந்தைய அரை நிமிடம். வேற்றுக்கிரகத்தார் மனவலிமையால் இருவரின் உடல்களையும் ஆட்டுவிக்கிறார்கள். உஹுராவின் கைகள் அவர் வசத்தில் இல்லை, கால்களும் இல்லை. கப்பலில் அஞ்சி நடுங்கிய நேரங்களில் கேப்டனின் குரலைக் கேட்டதும் பயம் விலகியதை அவர் சொல்லத் தொடங்குகிறார். உடல் முழுவதும் பிறர் பிடியில் இருக்க, கண்களும் குரலும் மட்டும் அவருடையவையாக இருக்கின்றன. இப்போது தனக்கு அச்சமில்லை என்று அவர் சொன்னபோது, கூடத்தில் தனியாக இருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுதிக் கொடுத்த வரிகள் குறைவாக இருந்திருக்கலாம். கிடைத்த வரியை அவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய ஒளிநாடா

சகோதரி, "முதல் முத்தம்" என்பதைத் திருத்தியே ஆக வேண்டும். பிரிட்டன் தொலைக்காட்சியில் சில ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்துவிட்டது. அமெரிக்காவிலும் இன எல்லையைக் கடந்த முத்தங்கள் அதற்கு முன் திரையில் வந்திருக்கின்றன. கலப்புத் திருமணத் தடைச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நாட்டில் அந்தக் காட்சி ஒளிபரப்பானது என்பதே போதுமான பெருமை. அதற்கு "முதல்" என்ற பட்டம் தேவையில்லை.

நான் அவரைக் கண்டது ஹூஸ்டனில், ஒரு நண்பர் வைத்திருந்த பழைய நாசா ஆள்சேர்ப்புப் படத்தில். 1977-இல் எடுத்தது. நீல நிறப் பறப்புடையில், கட்டுப்பாட்டு அறையில் நின்று, பெண்களையும் சிறுபான்மையினரையும் நேருக்கு நேர் பார்த்து அழைக்கிறார். நடிகையின் பார்வை அல்ல அது. நம் வீட்டு வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுபவரின் பார்வை. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. 1978 ஜனவரியில் விண்வெளி வீரர்களாக அறிவிக்கப்பட்ட 35 பேரில் சாலி ரைடு உட்பட ஆறு பெண்களும், கையன் புளூஃபோர்டு, ரொனால்டு மெக்நேர் உட்பட மூன்று கறுப்பினத்தவரும் இருந்தார்கள். பின்னர் 1992-இல் எண்டெவர் விண்வெளி ஓடத்தில் பறந்த வீராங்கனை மே ஜெமிசன், உஹுராவின் புகழ்பெற்ற வசனத்தைச் சொல்லித்தான் தம் பணிநேரங்களைத் தொடங்கினார். பிராட்வேயில் அவர் பாடியிருந்தால் இது நடந்திருக்குமா, ஐயா?

இரு பிள்ளைகளின் தாய்

நான் அவரை நேரில் கண்டதில்லை. என் மூத்த மகள் திரைக்கு முன்னால் அமர்ந்து, "இந்த அம்மா எப்போது எழுந்திருப்பார்?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஒரு கேள்விதான்.

ஆகவே பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோருக்குச் சொல்கிறேன்: வரிசைப்படி தொடங்காதீர்கள். 1966-இல் வந்த "சார்லி எக்ஸ்" பகுதியில் சக அதிகாரி ஸ்பாக் யாழ் போன்ற கருவியை மீட்ட அவர் பாடுவார். அதை முதலில் காட்டுங்கள், அவர் பாடகி என்பது அவர்களுக்கே புரியும். அடுத்து 1967-இன் "மிரர், மிரர்". அதில் கொடிய மறுவுலகில், சக அதிகாரி சூலுவின் தீய வடிவத்தைத் தந்திரமாகத் திசைதிருப்பிக் கத்தியோடு எதிர்த்து நிற்பார். பிறகு 1973-இல் தொடங்கிய அசைபடத் தொடரில், ஆண்கள் எல்லோரும் மயங்கிக் கிடக்கும்போது உஹுரா கப்பலின் தலைமையைத் தாமே ஏற்கும் பகுதி உண்டு. என் மகள் அதை நான்கு முறை பார்த்தாள். 1984-இன் மூன்றாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில், ஆணவம் பிடித்த இளம் அதிகாரியை அவர் அறைக்குள் அடைத்துப் பூட்டும் காட்சியைத் தனியாகவாவது காட்டுங்கள். 1989-இன் ஐந்தாவது படத்தில் வரும் விசிறி நடனத்தைத் தவிர்த்துவிடலாம். அவருக்கு அது மரியாதை செய்யவில்லை என்பது என் எண்ணம். அவர் நடித்த "டிரக் டர்னர்" என்ற வேறொரு திரைப்படம் பெரியவர்களுக்கு மட்டும். ஆனால் கொடூரமான பாத்திரத்திலும் அவரால் திரையை ஆள முடியும் என்பதை அறிய நீங்கள் அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆறாவது ஆள்

எல்லோருக்கும் நன்றி. பழைய ஒளிநாடா ஐயா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் 2022 ஜூலை 30-இல் மறைந்தார். 2024 ஜனவரி 8 அதிகாலை, அவருடைய சாம்பலின் ஒரு சிறு பகுதியைச் சுமந்த வல்கன் ராக்கெட் புளோரிடாவிலிருந்து கிளம்பியபோது நான் கேப் கனாவரலுக்குத் தெற்கே கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன். 2 மணி 18 நிமிடத்துக்குத் தண்ணீர் முழுவதும் ஆரஞ்சு நிறமானது. ஒலி எங்களிடம் வந்து சேரச் சற்று நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில்தான், இத்தனை ஆண்டுகள் வைத்திருந்த கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன்.